பெட்ரோலா, பேட்டரியா? - டெல்லியில் புல் வெட்டிய கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பேங்க்காரன் நினைப்பதெல்லாம் நினைப்போடு சரி. ஏப்ரலில் ஆடிட்டர் வந்து உட்கார்ந்து விடுவார். இந்த முறை அதற்கும் நடுவில் ஒரு வேலை வந்து சேர்ந்தது. எங்கள் ஹவுஸிங் சொஸைட்டிக்கு நான்தான் பொருளாளர். "நீங்க பேங்க்ல இருக்கீங்களே" என்று சொல்லியே தலையில் கட்டிவிட்டார்கள். பேங்க்கில் இருப்பவன் வீட்டுக் கணக்கை எப்படிப் பார்க்கிறான் என்று தங்கமணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் :-)

விஷயம் இதுதான். எங்கள் மாலி ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் புல் வெட்டும் மெஷினைக் கிளப்புவார். அதற்கு இங்கே பிரஷ் கட்டர் என்று பேர். நீளமான குழாய், ஒரு முனையில் குட்டி பெட்ரோல் இன்ஜின், மறு முனையில் சர்ரென்று சுற்றும் நைலான் கயிறு. அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு ட்ரிம்மர் என்றால் புரியும். சத்தம் என்றால் சத்தம், நாலு மாடி தாண்டிக் கேட்கும். புகையும் உண்டு. நவம்பர் மாதம் டெல்லியில் குழந்தை குட்டியோடு இருப்பவர்களுக்குப் புகை என்றாலே வயிற்றைக் கலக்கும். கமிட்டி மீட்டிங்கில் ஒருவர் எழுந்தார். "பெட்ரோல் மெஷினுக்குத் தடை. அடுத்த மாசத்திலிருந்து மாலி பேட்டரி மெஷின் கொண்டுவரணும், இல்லேன்னா வேற ஆளைப் பார்ப்போம்." பாதிப் பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், ஒளிப்பானேன்.

மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது மாலியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். சொன்னது காதில் விழவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்ஜி, இந்த மெஷின் கடன் வாங்கி வாங்கினது. கடனே இப்பதான் முடிஞ்சுது" என்றார்.

அன்றைக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. தடை போடுவது சுலபம், பில் யார் பெயருக்குப் போகிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். புல் வெட்டுவதற்குக் கூட இவ்வளவு பெரிய சரித்திரமா என்று ஆச்சரியமாகி விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் கொசுவர்த்தி

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். புல் வெட்டுவது என்றால் அங்கே ஒரே அர்த்தம்தான், மாட்டுக்கு. வரப்போரம் குந்திக்கொண்டு அரிவாளால் அறுத்து, கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அழகுக்காகப் புல் வளர்ப்பார்கள், பிறகு அதை வெட்டிக் குப்பையில் போடுவார்கள் என்று அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு அருகம்புல் பறித்து வரச் சொல்வாள் அம்மா. அது ஒன்றுதான் மாட்டுக்கு அல்லாத புல்.

2004-இல் டெல்லி வந்ததும் லோதி தோட்டத்தில் அந்தப் பச்சைக் கம்பளத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன், இங்கே தூப் என்று சொல்லும் அந்தப் புல் வேறொன்றும் இல்லை, நம்ம அருகம்புல்தான்! டெல்லியின் பாதிப் புல்தரையும் பிள்ளையார் சொத்து. வெட்ட வெட்டப் பக்கவாட்டில் படரும், வெயில் தாங்கும், மிதித்தாலும் சாகாது.

குர்ப்பியும் குதிரையும்

டெல்லியிலும் ஒரு காலத்தில் புல் என்றால் தீனிதான். வெள்ளைக்காரர்களின் குதிரைப் படையில் குதிரைக்காரர் தனி, புல்லுக்காரர் தனி. அவர்களுக்கு இந்துஸ்தானியில் கசியாரா என்று பேர். ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' (1886) புல்லுக்காரருக்கென்று ஒரு தனிப் பதிவே வைத்திருக்கிறது. கையில் குர்ப்பா என்ற தட்டையான கருவி. குந்தியபடியே தரையோடு சுரண்டி எடுப்பார்கள். அதன் குட்டித் தங்கைதான் குர்ப்பி. இன்றும் டெல்லியில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் நாலு பெண்கள் வரிசையாகக் குந்திக்கொண்டு குர்ப்பியால் களை எடுப்பதைப் பார்க்கலாம். பெட்ரோல், பேட்டரி எதுவும் வேண்டாம். முதுகும் முழங்காலும் மட்டும் வேண்டும்.

அழகுக்கான புல்தரை இங்கே பிறகுதான் வேரூன்றியது. முகலாயத் தோட்டம் என்றால் வாய்க்கால், பழமரம், பூச்செடி. தாஜ்மகால் முன்னால் இன்று நாம் பார்க்கும் அகலமான புல்தரை, கர்சன் வைஸ்ராயாக இருந்த காலத்தில் (1899-1905) நடந்த சீரமைப்பின் விளைவு. 1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள். ரைசினா, மால்சா போன்ற கிராமங்களின் நிலத்தை எடுத்துக்கொண்டு லட்யன்ஸும் பேக்கரும் புது ஊர் கட்டினார்கள். 1931 பிப்ரவரியில் திறப்பு விழா. ஒவ்வொரு பங்களாவையும் சுற்றி ஏக்கர் கணக்கில் புல். வைஸ்ராய் மாளிகைத் தோட்டத்தில் செடி நட்டு வளர்க்கும் பொறுப்பு மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரிக்கு. மொகல் கார்டன் என்று நாம் குடும்பத்தோடு பிப்ரவரியில் க்யூவில் நின்று பார்த்தது அதைத்தான். 2023 ஜனவரியிலிருந்து அதன் பெயர் அம்ரித் உத்யான்.

லோதி தோட்டமும் அப்படித்தான். கல்லறைகளைச் சுற்றி இருந்த கைர்பூர் கிராமத்துக்காரர்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு 1936-இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்று திறந்தார்கள். புல்தரைக்கு இடம் வேண்டுமே!

சரி, இவ்வளவு புல்லை வெட்டுவது எப்படி? அதற்கு 1830-இல் இங்கிலாந்தில் ஒருவர் வழி கண்டுபிடித்திருந்தார். எட்வின் பட்டிங், ஸ்ட்ரௌட் என்ற ஊர்க்காரர். அந்தப் பக்கம் கம்பளி மில்கள் அதிகம். நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுவதற்கு உருளையில் பிளேடு சுற்றிய ஒரு மெஷின் இருந்தது. துணிப் பிசிறை வெட்டலாம் என்றால் புல்லையும் வெட்டலாமே என்று யோசித்தார், அவ்வளவுதான். சின்னத் தோட்டத்துக்கு ஆள் தள்ளினார். பெரிய தோட்டத்துக்குக் குதிரை. குளம்பு பட்டுப் புல் கெடாமல் இருக்கக் குதிரைக்குத் தோல் ஷூ மாட்டினார்கள்! நம்ம ஊருக்கு அது வந்தபோது குதிரை மாடானது. தாஜ்மகால் புல்தரையில் காளை பூட்டி இழுக்கும் புல்வெட்டியைப் பழைய போட்டோக்களில் பார்க்கலாம். ஏர் பூட்டிய மாடுதான், உழுவதற்குப் பதில் ஷேவிங் செய்கிறது. சத்தமில்லை, புகையில்லை. தானே வெட்டிய புல்லையே எரிபொருளாகச் சாப்பிடும் ஒரே மெஷின் அதுதான்.

கார் கழுவும்போது உதித்த யோசனை

உருளை மெஷினால் ஒன்று முடியாது. மரத்தடி, சுவரோரம், வேலி இடுக்கு. அங்கெல்லாம் அரிவாள்தான், குர்ப்பிதான். இதற்கு விடை 1971-இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் வந்தது. ஜார்ஜ் பாலஸ் என்பவர் தானியங்கிக் கார் கழுவும் நிலையத்துக்குள் காரில் உட்கார்ந்திருந்தார். சுற்றிச் சுற்றி வரும் நைலான் பிரஷ்கள் காரின் பெயிண்ட்டைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் எடுப்பதைக் கவனித்தார். வீட்டுக்கு வந்து ஒரு பழைய பாப்கார்ன் டின்னில் ஓட்டை போட்டு, மீன்பிடி நைலான் கயிற்றைக் கோர்த்து, சுழலும் ஒரு மெஷினில் மாட்டினார். புல் அறுபட்டது.

அவர் தொழிலில் நடனப் பள்ளிக்காரர், இன்ஜினியர் இல்லை. (பி.காம். படித்தவன் மெஷின் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்காகச் சொன்னேன்.) பல கம்பெனிகள் வேண்டாம் என்று சொன்னதால் தானே தயாரித்து விற்றார். வீட் ஈட்டர் என்று பெயர் வைத்தார். 1977-இல் எமர்ஸன் எலக்ட்ரிக் கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டார். 2011-இல் காலமானார்.

அவர் இதைக் கண்டுபிடிக்கக் காரணமே மரத்தின் பட்டையைக் காப்பாற்றத்தான். ஆனால் இன்றைக்கு இளம் மரங்களின் அடிப்பட்டையைச் சுற்றிச் சீவிக் கொல்வதில் இந்தக் கயிறுக்குப் பெரிய பங்கு உண்டு. பெட்ரோலோ பேட்டரியோ, கயிறு கயிறுதான். மரத்தடியில் ஒரு சாண் அகலத்துக்குப் புல்லே இல்லாமல் சருகு போட்டு மூடிவிடுவது நல்லது.

டூ-ஸ்ட்ரோக்கும் டெல்லியும்

கையில் தூக்கிக்கொண்டு வேலை செய்ய எடை குறைந்த இன்ஜின் வேண்டும். அதற்குத் தோதானது டூ-ஸ்ட்ரோக். வால்வு கிடையாது, தனி ஆயில் அறை கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும், எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓடும். என்ன பிரச்சினை என்றால், புது பெட்ரோல் உள்ளே வருவதும் பழைய புகை வெளியே போவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். பின் கதவு மூடிக்கொண்ட டி.டி.சி. பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முன் கதவிலேயே. நெரிசலில் இப்போதுதான் டிக்கெட் வாங்கியவரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் பழைய பாணி டூ-ஸ்ட்ரோக்கில் கால்வாசி பெட்ரோல் வரை எரியாமலே வெளியே போய்விடும். கூடவே பாதி எரிந்த ஆயில். அந்த நீலப் புகை அதுதான்.

இந்தப் புகையோடு டெல்லிக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. என் மாமா ஒருவர் சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார். 1992 கோடை லீவுக்கு நான் வந்தபோது அவருடைய சேத்தக் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போவேன். பெட்ரோல் பங்க்கில் ஒருவர் அளவைக் குவளையால் ஆயில் ஊற்றி வண்டியை ஆட்டிவிட்டுக் கலக்குவார். "இன்னும் கொஞ்சம் ஊத்து பையா, இன்ஜினுக்கு நல்லது" என்பார் மாமா. இன்ஜினுக்கு நல்லதோ என்னவோ, ஊருக்கு நல்லதில்லை. மலை மந்திர் போய்விட்டு வீட்டுக்கு வந்தால் கைக்குட்டை கறுப்பாக இருக்கும்.

எம்.சி. மேத்தா என்ற வக்கீல் 1985-இல் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1998 ஜூலை 28 அன்று ஒரு பெரிய உத்தரவு போட்டது. எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அதில் வந்த சி.என்.ஜி. பஸ் மட்டும்தான். ஆனால் அதே பட்டியலில், பங்க்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்கு 1998 டிசம்பர் 31-க்குள் தடை என்றும் இருந்தது. முன்கூட்டியே சரியான அளவில் கலந்த பெட்ரோல்தான் விற்க வேண்டும். மாமாவின் "இன்னும் கொஞ்சம்" அத்தோடு நின்றது.

பஸ்கள் எல்லாம் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்று கெடு. அப்போது சொன்ன காரணங்களைக் கேளுங்கள். காஸ் நிரப்ப இடமில்லை, க்யூ நீளம், தூரம் போகாது, விலை கட்டாது, டெக்னாலஜி இன்னும் சரியில்லை. எங்கள் கமிட்டியில் பேட்டரி மெஷினுக்கு எதிராக இன்று சொல்லும் அத்தனையும் அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. கெடு தள்ளிப்போனது. 2002 ஏப்ரலில் கோர்ட் டீசல் பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம், முப்பது நாளுக்குப் பிறகு 1000 ரூபாய் என்று போட்டது. அந்த வருஷக் கடைசிக்குள் டவுன் பஸ்கள் எல்லாம் மாறிவிட்டன. நான் வந்தபோது பச்சை நிற ஆட்டோதான் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் பேங்க்காரன் கண்ணுக்குப் படுவது வேறு. பழைய ஆட்டோவைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கு என்றால் ஆட்டோக்காரர் பணத்துக்கு எங்கே போவார்? சம்பளச் சீட்டு இல்லாத ஆளுக்கு பேங்க் சுலபமாகக் கதவைத் திறக்காது. நானே எத்தனை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அதனால் பெரும்பாலோர் தனியார் ஃபைனான்ஸியரிடம் போனார்கள். வட்டி கட்டியே வயதானார்கள். காற்று சுத்தமானது எல்லோருக்கும். அதற்கான கடன் மட்டும் ஓட்டுகிறவர் பெயரில். உத்தரவு தவறு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் ஊர் என்ன ஆகியிருக்கும்? பில் போன முகவரியைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கமிட்டி மாலிக்குப் போட இருந்த உத்தரவும் இதன் குட்டிப் பதிப்புதானே?

பேட்டரியின் கதை

பேட்டரி கருவி ஏதோ நேற்று வந்தது என்று நினைத்திருந்தேன். 1961-லேயே பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி ஒயர் இல்லாத டிரில் விற்றது. பாலஸ் ஹூஸ்டனில் பாப்கார்ன் டின்னில் ஓட்டை போட்ட அதே 1971-இல், அதே ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை பார்த்துக்கொண்டிருக்க, அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலாவில் பேட்டரி டிரில்லால் துளை போட்டார்கள்! நிலாவில் முடிந்தது தோட்டத்தில் முடியாததற்குக் காரணம் பேட்டரியின் எடையும் விலையும். 1991-இல் சோனி கம்பெனி லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் அது டிரில், ரம்பம் போன்ற கருவிகளுக்குள் நுழைந்தது. 2019-இல் இதற்கு அடித்தளம் போட்ட மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு. மாமாவின் சேத்தக்கே 2020-இல் பேட்டரி வண்டியாகத் திரும்பி வந்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் விற்பனைக்குப் புதிதாகத் தயாரிக்கும் சின்னத் தோட்டக் கருவிகள் புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்று சட்டம். அங்குள்ள காற்று வாரியம் ஒரு கணக்குச் சொல்கிறது. தோட்டத் தொழிலாளர் பயன்படுத்தும் பெட்ரோல் இலை ஊதியை ஒரு மணி நேரம் ஓட்டினால், புகைமூட்டம் உண்டாக்கும் மாசில் அது ஒரு புதிய கார் 1100 மைல் ஓடியதற்குச் சமம். 1100 மைல் என்றால் நம்ம கணக்கில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லியிலிருந்து கிளம்பி விஜயவாடா! புல்வெட்டியும் அதே ஜாதி இன்ஜின்தான்.

இனி நம்ம துறை: கணக்கு

எங்களுக்கு வந்த கொட்டேஷனை வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் ஊரில் விலை மாறும், முறை மாறாது.

பெட்ரோல் மெஷின் 11,000 ரூபாய். மணிக்குச் சுமார் 700 மில்லி குடிக்கும். லிட்டர் 95 ரூபாய் என்றால் 66.50. ஆயில் ஏழு ரூபாய். ஆக மணிக்கு 73.50.

பேட்டரி மெஷின் சார்ஜரோடு 20,000. பேட்டரி தனியாக ஒன்று 9,000, இரண்டு வேண்டும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி. அதாவது 144 வாட்-மணி. சார்ஜ் ஆகும்போது ஆகும் சேதாரத்தையும் சேர்த்தால் ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு கரன்ட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் ஒரு சார்ஜுக்கு ஒன்றரை ரூபாய் தாண்டாது! ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை சார்ஜ். நாலு ரூபாய் கூட இல்லை.

கமிட்டியில் இதைச் சொன்னதும் "அடேங்கப்பா, 73 எங்கே, நாலு எங்கே!" என்று குதித்தார்கள். பொறுங்கள். பேட்டரி சாகாவரம் வாங்கி வரவில்லை. 500 சார்ஜ் உழைக்கும் என்று வைத்தால் 9,000-ஐ 500-ஆல் வகுத்தால் ஒரு சார்ஜுக்கு 18 ரூபாய். மணிக்கு 45. கரன்ட்டும் சேர்த்தால் 48.50. பேட்டரி என்பது மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கிய பெட்ரோல். அவ்வளவுதான். பி.காம். முதல் வருஷத்தில் படித்த மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு வித்தியாசம் இதுதான்.

மணிக்கு 25 ரூபாய் மிச்சம். எங்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 200 மணி நேர வேலை. 5,000 ரூபாய். மெஷின் விலையில் உள்ள 9,000 வித்தியாசம் இரண்டு வருஷத்துக்குள் கழிந்துவிடும். ஆனால் அதே பேட்டரி 300 சார்ஜில் செத்துப்போனால்? ஒரு சார்ஜ் 30 ரூபாய், மணிக்கு 75, கரன்ட் வேறு. பெட்ரோலே மேல் என்று ஆகிவிடும். டெல்லி மே மாத வெயிலில் பேட்டரியை மண்ணில் போட்டு வைத்தால் 300 என்ன, அதற்கு முன்பே மண்டையைப் போட்டாலும் ஆச்சரியமில்லை.

ஆக, கணக்கு இரண்டு பக்கமும் சாய்கிறது. பேரேட்டை வைத்துக்கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. அப்போதுதான் மாலி ஏன் இரண்டு தடவை சொல்ல வைத்தார் என்பது உறைத்தது.

பேரேட்டில் வராத செலவு

பெட்ரோல் இன்ஜின் ஆளின் இடுப்புக்குப் பக்கத்தில், காதிலிருந்து இரண்டு மூன்று அடியில் கத்துகிறது. பெரும்பாலும் 95 டெசிபலுக்கு மேல். 2000-ஆம் வருஷச் சத்த விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55. டெசிபல் கூட்டுவட்டி மாதிரி. பத்து ஏறினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. நாலாவது மாடியில் இருக்கும் நமக்கு அது அரை மணி நேரத் தொந்தரவு. அவருக்கு எங்கள் சொஸைட்டி முடிந்து இன்னும் இரண்டு சொஸைட்டி. கேட்டேன். "ராத்திரி படுத்தா காதுக்குள்ள யாரோ சீட்டி அடிக்கிற மாதிரி இருக்கு சாப்ஜி. ரெண்டு வருஷமா." இவ்வளவு நாள் ஒருவரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. கை அதிர்வில் விரல் மரத்துப்போவதும் உண்டாம். புகையோ நேரே முகத்துக்கு.

பேட்டரிக்கும் மறைந்த செலவு உண்டு, ஒரு பக்கமாகப் பேசக்கூடாது. ராஜ்காட் அனல் நிலையம் 2015-இல் மூடப்பட்டது, பதர்பூர் 2018-இல். டெல்லிக்குள் நிலக்கரிப் புகை நின்றது. ஆனால் நம்ம கரன்ட்டில் பெரும்பங்கு தாத்ரி, சிங்க்ரௌலி என்று வேறு ஊர் நிலக்கரியில் வருவது. அந்த ஊர்க்காரர் மூச்சு நம் பேலன்ஸ் ஷீட்டில் இல்லை. ஆனாலும் ஒன்று. அங்கே உயரமான புகைபோக்கியும் வடிகட்டியும் இருக்கின்றன. இங்கே புகைபோக்கி மாலியின் மூக்குக்கு நேரே.

குதிரைக்குக் கூடத் தோல் ஷூ போட்டார்களே, அது குதிரைக்காகவா? புல்லுக்காக. கசியாராவின் முழங்காலுக்கு யாரும் எதுவும் போடவில்லை. இந்த இருநூறு வருஷக் கதையில் கருவி எத்தனையோ மாறியது. அதைப் பிடித்திருக்கிற கையைக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

கடைசியில் என்ன ஆச்சு?

அடுத்த மீட்டிங்கில் இதையெல்லாம் (இவ்வளவு நீளமாக இல்லை!) சொன்னேன். தடை போடுவதானால் மெஷினை சொஸைட்டி வாங்க வேண்டும், மாலி தலையில் கட்டக்கூடாது என்றேன். "அவர் அதை வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டா?" என்றார் ஒருவர். "போனா என்ன சார், அங்கேயும் புகை குறையும்" என்றார் மூன்றாம் மாடி பெங்காலி மாஷிமா. அந்த ஒரு வரி என் எக்ஸெல் ஷீட்டை விட நன்றாக வேலை செய்தது. தீர்மானம் நிறைவேறியது. இரண்டு பேட்டரியோடு ஒரு மெஷின், சொஸைட்டி செலவில். மழைக்காலத்தில் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டால் பேட்டரி திணறும் என்பதால், ஆகஸ்ட், செப்டம்பரில் சில நாள் மட்டும் மாலியின் பெட்ரோல் மெஷினையே வாடகை கொடுத்து எடுத்துக்கொள்வது. காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் இரண்டுக்கும் கட்டாயம்.

ஒரு வருஷ அனுபவத்தில் சொல்லக்கூடியது:

- ஒரு பேட்டரி 25 நிமிஷம் தாங்கும். ஒரே மூச்சில் முழுப் பூங்காவும் முடியாது. நாளுக்கு ஒரு பிளாக் என்று பிரித்துக்கொண்டோம்.
- மே மாதம் சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு காட்டிவிட்டு ஏற்றவே மாட்டேன் என்கிறது. முதலில் மெஷின் கெட்டுவிட்டது என்று பயந்துபோனோம். இப்போது காவலாளி அறையில் கூலருக்குப் பக்கத்தில் ஆறவைத்துப் பிறகு சார்ஜ்.
- விலை மலிவு என்று வரும் குட்டி பேட்டரி மெஷின் வீட்டுப் பால்கனித் தோட்டத்துக்குச் சரி. சொஸைட்டிக்கு ஆகாது.
- அரை ஏக்கருக்கு மேல், புதர், மின்சாரம் எட்டாத இடம் என்றால் இன்றும் பெட்ரோல்தான். வாங்கினால் ஃபோர்-ஸ்ட்ரோக்காகப் பாருங்கள். எடை கொஞ்சம் கூடும், ஆயில் கலக்க வேண்டாம், புகை குறைவு.
- நைலான் கயிறு தேயும்போது துணுக்காக மண்ணில்தான் விழுகிறது. முடிந்த இடத்தில் கையால் தள்ளும் உருளை மெஷின். 1830 மாடல்தான், இன்னும் கிடைக்கிறது.

டல்லாஸிலும் மெல்போர்னிலும் சொந்த வீட்டுப் புல்லைத் தானே வெட்டும் நண்பர்களுக்கு முடிவெடுப்பது சுலபம். பிடிக்கிற கையும் பில் கட்டுகிற கையும் ஒன்று. நமக்கு இங்கே அப்படி இல்லை. அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் மெஷினைப் பிடிக்கப்போகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போன ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே மாலி வெட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்திவிட்டுப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பேசினார். முன்பெல்லாம் வேலை நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் அவருக்குக் கேட்காது, அதற்காக வீட்டில் சண்டை என்று சொல்லியிருக்கிறார். கீழே போய், "காது எப்படி இருக்கு பையா?" என்று கேட்டேன்.

"சீட்டி அப்படியேதான் இருக்கு சாப்ஜி. ஆனா ஏறலே" என்றார்.

வாராக்கடன் மாதிரி. போனது வராது. மேலும் போகாமல் நிறுத்தியதுதான் மிச்சம். இன்னும் இரண்டு வருஷம் முன்னால் கேட்டிருக்கலாம்.

டிஸ்கி: அடியேன் இன்ஜினியர் இல்லை, டாக்டரும் இல்லை. கணக்கில் தப்பிருந்தால் மட்டும் முழுப் பொறுப்பு என்னுடையது.